டிம் அடித்த பிறகும் கண் கூசுகிறது: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் வாகன மின்வேலை பார்ப்பவர்கள், வீல் அலைன்மென்ட் செய்பவர்கள், இரவில் தாழ்ந்த செடான் கார்களை வாடகைக்கு ஓட்டுபவர்கள். எதிரே வரும் வாகனங்களின் ஹெட்லைட் கூச்சம் பற்றி எழுதுகிறோம். ஹைபீம் போட்டு வருபவர்களைப் பிடித்து அபராதம் போடுங்கள் என்று உங்களிடம் பலரும் கேட்டிருப்பார்கள். அது சரியான கோரிக்கைதான். ஆனால் எதிரே வருகிறவர் ஒழுங்காக டிம் அடித்த பிறகும் தாழ்ந்த காரில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சரிசெய்யவும் முடியும். உங்கள் துறை மனம் வைத்தால், ஒரு சுவரும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் அதற்குப் போதும்.

முதலில் விதியைப் பார்ப்போம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 106-ஆம் விதி, முன்விளக்கின் ஒளி யாருடைய கண்ணையும் கூசச் செய்யாதபடி கீழே சாய்ந்திருக்க வேண்டும் அல்லது ஓட்டுநரால் சாய்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. கூசக் கூடாத அந்தக் கண் எங்கே இருக்கிறது என்பதையும் அதே விதி சொல்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், விளக்கின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில்.

1.5 மீட்டரில் கண் இருப்பது நிற்கிற மனிதருக்கு. ஹோண்டா சிட்டி காரின் மொத்த உயரமே 1489 மில்லிமீட்டர். புதிய ஹூண்டாய் வெர்னா 1475. விதி காக்க நினைக்கும் கண் இந்தக் கார்களின் கூரைக்கு மேலே இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து ஓட்டுபவரின் கண், ஆளின் உயரத்தையும் இருக்கையின் உயரத்தையும் பொறுத்து, ஏறக்குறைய 1.1 முதல் 1.2 மீட்டருக்குள்தான் நிற்கும்.

சாலை போடுகிறவர்களுக்கு இது தெரியாததல்ல. இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐஆர்சி 66 வழிகாட்டி, 1976-லிருந்தே ஓட்டுநரின் கண் உயரம் 1.2 மீட்டர் என்று வைத்துத்தான் பார்வைத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஆக ஒரே நாட்டில், சாலைக்கு ஓட்டுநர் கண் ஒரு உயரம், விளக்குக்கு இன்னொரு உயரம்.

இந்த 30 சென்டிமீட்டர் வேறுபாடு என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கும் ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். 8 மீட்டரில் 1.5 மீட்டர் உயரத்தைத் தொடாமலிருந்தால் போதும் என்றால், அந்த ஒளி 8 மீட்டருக்கு 85 செ.மீ. வரை மேலேறிப் போகலாம். அதாவது 10 சதவீதத்துக்கும் மேல் ஏற்றம். வண்டி தயாரிப்பில் பல நாடுகளில் பின்பற்றும் அளவு இதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது: 80 செ.மீ.க்குக் கீழே பொருத்திய விளக்கின் டிம் ஒளி, தொடக்க அமைப்பில் 1 முதல் 1.5 சதவீதம், அதாவது மீட்டருக்கு 1 முதல் 1.5 செ.மீ., கீழே இறங்க வேண்டும். 1 மீட்டருக்கு மேலே பொருத்திய விளக்கென்றால் 1.5 முதல் 2 சதவீதம். கம்பெனியிலிருந்து வரும்போது வண்டி இந்த அளவோடுதான் வருகிறது. தெருவுக்கு வந்த பிறகு அந்த அளவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்போது விளக்கு 95 செ.மீ. உயரத்தில் உள்ள ஒரு எஸ்.யு.வி. எதிரே வருகிறது என்போம். டிம்மில்தான் வருகிறது. ஒளி 1 சதவீதம் கீழே இறங்கினால், 25 மீட்டரில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு 70 செ.மீ. உயரத்தில் இருக்கும். யாருக்கும் தொந்தரவில்லை. அதே ஒளி 1 சதவீதம் மேலேறினால்? கண் 1.45 மீட்டரில் இருக்கும் இன்னொரு எஸ்.யு.வி. ஓட்டுநர், 50 மீட்டர் நெருங்கியதும் அந்த ஒளியிலிருந்து தப்பிவிடுவார். கண் 1.1 மீட்டரில் இருக்கும் செடான் ஓட்டுநர் 15 மீட்டர் வரை அதற்குள்ளேயே இருப்பார். இருவரும் 80 கி.மீ. வேகத்தில் வந்தால் இடைவெளி நொடிக்கு 44 மீட்டர் குறைகிறது. அந்த 50-லிருந்து 15 மீட்டர் என்பது முக்கால் நொடிதான். ஆனால் கடக்கப் போகிற முக்கால் நொடி அது. மேலும் 15 மீட்டரில் கண்ணில் விழும் ஒளி, 50 மீட்டரில் விழுவதைப் போல 11 மடங்கு. "லைட் கண்ணைப் பறிக்குது" என்று செடான்காரர் சொல்வதும், "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று எஸ்.யு.வி.காரர் சொல்வதும் இரண்டுமே உண்மை.

டிம் ஒளி மேலே ஏறுவதற்கு யாரும் வேண்டுமென்று கெடுக்க வேண்டியதில்லை. டிக்கி நிறைந்தால் போதும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.7 மீட்டர் (வீல்பேஸ்) உள்ள வண்டியில் ஏழு பேரும் சாமானும் ஏறி, பின்பக்கம் 5 செ.மீ. இறங்கினால், வண்டி முழுவதும் 1.85 சதவீதம் மூக்கைத் தூக்கிக்கொள்கிறது. 1 சதவீதம் கீழே பார்த்த விளக்கு இப்போது 0.85 சதவீதம் மேலே பார்க்கும். பின் ஸ்பிரிங் தளர்ந்துபோன பழைய வண்டியென்றால் ஆள் ஏறாமலே இந்த நிலைதான்.

இதற்காகவே பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் கீழே ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. விளக்குப் படமும், 0 முதல் 3 வரையோ 5 வரையோ எண்களும் போட்டிருக்கும். எண் கூடக் கூட விளக்கு கீழே சாயும். முன்னிருக்கையில் மட்டும் ஆள் இருந்தால் 0. ஐந்து பேர் என்றால் 1. ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் என்றால் 2. ஓட்டுநர் மட்டும் இருந்து டிக்கி முழுக்கப் பாரம் என்றால் 3. வண்டிக்கு வண்டி சிறிது மாறும், கையேட்டில் இருக்கும். எங்களிடம் வேலைக்கு வரும் வண்டிகளில் இந்தச் சக்கரம் பெரும்பாலும் 0-லேயே தூசி படிந்து கிடக்கிறது. பழகுநர் உரிமத் தேர்வில் இதைப் பற்றி ஒரு கேள்வி வையுங்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் இதைத் தொட்டுக் காட்டிச் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். செலவில்லாத வேலை இது.

அடுத்தது பல்பு. பல வண்டிகளின் ஹாலஜன் விளக்கில் வரும் எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு: ஹைபீமுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்கு அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். அந்தக் கிண்ணம்தான் ஒளி கீழ்ப்பக்கம் போகாமல் தடுத்து, ரிஃப்ளெக்டரின் மேல்பாதிக்கு மட்டும் அனுப்புகிறது. மேல்பாதியில் பட்ட ஒளி கீழே திரும்பிச் சாலையில் விழுகிறது. இழையின் இடம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மேலே வெளிச்சம், கீழே இருட்டு என்று மாறிவிடும். பல்பின் மூன்று காதுகளும் பள்ளத்தில் சரியாக உட்காராமல் கம்பியை மட்டும் மாட்டிவிட்டால் அதுதான் நடக்கிறது.

இந்த இடத்தில்தான் எல்.இ.டி. பல்பு மாற்றுகிறார்கள். இழை இருந்த இடத்தில் ஒரு பட்டையின் இருபுறமும் சில்லுகள் வருகின்றன. பட்டைக்கு ஒரு தடிமன் இருக்கிறது. ஆகவே எந்தச் சில்லும் ரிஃப்ளெக்டர் எதிர்பார்க்கும் புள்ளியில் இருப்பதில்லை. கீழ்ப்பாதிக்கும் ஒளி கசிகிறது. டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பான கட்ஆஃப் கோடு கரைந்துபோய், சுவரில் பார்த்தால் வெள்ளைப் புகைபோல் மேலெங்கும் பரவியிருக்கும். ஓட்டுநருக்குக் கண்முன்னே பளிச்சென்று இருப்பதால் நல்ல விளக்கு என்று தோன்றும். எதிரே வருபவர்தான் அதன் விலையைக் கொடுக்கிறார். ஆலையிலேயே எல்.இ.டி.க்காக வடிவமைத்து வந்த விளக்கு வேறு. நாங்கள் சொல்வது ஹாலஜன் கூட்டுக்குள் எல்.இ.டி.யைச் செருகுவதை. 100/90 வாட் பல்புகளும் அப்படியே: வெளிச்சம் கூடுகிறது, சூட்டில் ஹோல்டர் கருகுகிறது, ரிஃப்ளெக்டரின் பூச்சு மங்குகிறது, மங்கிய ரிஃப்ளெக்டர் ஒளியைச் சிதறடிக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் அந்த பல்பைக் கடையில் அடுக்கி விற்பவரையும், மாட்டிவிடும் எங்களைப் போன்றவர்களையும் யாரும் கேட்பதில்லை. எங்கள் தொழிலை நாங்களே குறை சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம். ஹாலஜன் கூட்டுக்குள் எல்.இ.டி. மாட்டக் கூடாது என்று துறை எழுத்தில் ஒரு அறிவிப்பு தந்தால், வாடிக்கையாளரிடம் அதைக் காட்டி மறுக்க எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இன்னொன்று, கவனத்தில் படாமலே போவது. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த புரொஜெக்டர் விளக்குகளும் (வில்லை வழியே ஒளியை அனுப்புபவை) உதிரிச் சந்தையில் கிடைக்கின்றன. நம் நாட்டு டிம் ஒளி இடப்பக்கம் 15 பாகை மேலேறும், சாலையோரத்தில் நடப்பவரைக் காட்டுவதற்காக. அந்த விளக்குகளில் இந்த ஏற்றம் வலப்பக்கம் இருக்கிறது. அதாவது எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராக. எவ்வளவு திருகினாலும் அது சரியாகாது, கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஹைபீமிலேயே வருபவர்களில் ஒரு பகுதியினர் திமிரால் வருபவர்கள் அல்லர். டிம் இழைதான் அதிக நேரம் எரிகிறது, ஆகவே அதுதான் முதலில் போகிறது. சில நூறு ரூபாய்க்குள் முடியும் பல்பை மாற்றாமல், மிச்சமிருக்கும் ஹைபீமை வைத்தே நாள்கணக்கில் ஓட்டுகிறார்கள். சோதனையில் நிறுத்தும் காவலர் "டிம் போட்டுக் காட்டு" என்று ஒரு வார்த்தை கேட்டால் இது அங்கேயே தெரிந்துவிடும்.

ஆணையர் அவர்களே, கருப்பு ஸ்டிக்கர் பற்றி வெளிப்படையாகச் சொல்ல அனுமதியுங்கள். சுங்கச்சாவடிகளிலும் சோதனைச் சாவடிகளிலும் ஹெட்லைட்டின் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டும் முகாம்கள் நடக்கின்றன. நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் எச்4 பல்பின் நுனியே கருப்புப் பூச்சோடு வருகிறது. இழையின் ஒளி நேராக வெளியே வராமல் தடுக்கும் வேலையை அதுவே செய்துவிடுகிறது. நடுவில் ஒட்டும் பொட்டு அதே வேலையைத் திரும்பச் செய்கிறது. மேல்பாதியில் கருப்பு அடிப்பது அதைவிட மோசம். டிம் ஒளி ரிஃப்ளெக்டரின் மேல்பாதியிலிருந்து வருகிறது என்று மேலே சொன்னோம். அதை மூடினால் டிம்மின் வெளிச்சம்தான் போகும், ஹைபீம் ஏறக்குறைய பாதி அப்படியே இருக்கும். டிம்மில் சாலை தெரியாத ஓட்டுநர் வேறென்ன செய்வார், ஹைபீமுக்குப் போவார். இன்றைய புரொஜெக்டர் விளக்குகளின் வில்லை உள்ளங்கை அகலம்கூட இல்லை. அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் வெளிச்சம் குறையுமே தவிர, கட்ஆஃப் கோடு ஒரு அங்குலம்கூடக் கீழே இறங்காது. அந்த முகாம்களுக்குச் செலவிடும் ஆள்பலத்தை விளக்கின் சாய்வைச் சரிபார்க்கத் திருப்பிவிடுங்கள்.

அதை எங்கே செய்வது என்பதுதான் எங்கள் முதன்மையான கோரிக்கை. சரக்கு, பயணிகள் வாகனங்கள் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கொரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வருகின்றன. அங்கே பார்க்க வாய்ப்பு இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக் கார் ஒன்று பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்கு எந்த அதிகாரியின் முன்னும் விளக்கைக் காட்ட வேண்டியதில்லை. நடுவில் பம்பர் இடித்து, விளக்கைத் தாங்கும் பிளாஸ்டிக் காது உடைந்து, பசை போட்டு ஒட்டி, அண்ணாந்து பார்த்தபடி ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் எரிபொருளில் ஓடும் எல்லா வண்டியும், முதல் ஆண்டுக்குப் பிறகு, ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒரு முறை புகைச் சான்றுக்குப் போயாக வேண்டும். அந்த மையத்தில் ஒரு சுவர் போதும்.

முறை இதுதான். தரை சமமாக இருக்க வேண்டும். டயர் காற்று கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவில் இருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்க வேண்டும், டிக்கி காலி, சாய்வுச் சக்கரம் 0-இல். வண்டியின் மூக்கைச் சுவரோடு நெருக்கி நிறுத்தி, ஒவ்வொரு விளக்கின் நடுப்புள்ளிக்கும் நேராகச் சுவரில் இன்சுலேஷன் டேப்பால் ஒரு குறி வையுங்கள். பிறகு நேர்கோட்டில் 5 மீட்டர் பின்னால் எடுத்து, பானட்டை இரண்டு முறை அமுக்கி விடுங்கள், சஸ்பென்ஷன் தன் நிலைக்கு வரட்டும். விளக்கு 80 செ.மீ.க்குக் கீழே உள்ள வண்டியென்றால் குறிக்கு 5 முதல் 7.5 செ.மீ. கீழே ஒரு கிடைக்கோடு. 1 மீட்டருக்கு மேலே உள்ள லாரி, பஸ், பெரிய வண்டிகளுக்கு 7.5 முதல் 10 செ.மீ. கீழே. இடையில் இருப்பவற்றுக்குத் தயாரிப்பாளர் விளக்கின் அருகிலேயே ஒட்டியிருக்கும் சதவீதத்தைப் பாருங்கள், 1 சதவீதம் என்றால் 5 செ.மீ.

டிம் போட்டதும் வெளிச்சத்தின் வலப்பாதி தட்டையாக அந்தக் கோட்டின்மேல் படிய வேண்டும். இடப்பாதி சரிவாக மேலேறும். இரண்டும் சேரும் முழங்கை குறிக்கு நேர் கீழே இருக்க வேண்டும். வலப்பக்கம் தள்ளியிருந்தால் எதிரே வருபவருக்கு ஆபத்து. ஒரு விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு மற்றதைச் சரிசெய்யுங்கள், ஆனால் துணியை அதிக நேரம் விட வேண்டாம், விளக்கின் பிளாஸ்டிக் முகப்பு சூடாகும். விளக்கின் பின்னால் இரண்டு திருகுகள் இருக்கும், ஒன்று மேல்கீழ், ஒன்று இடவலம். கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகிப் பாருங்கள். முடிந்ததும் சாய்வுச் சக்கரத்தை 0-லிருந்து 3-க்குத் திருப்புங்கள். சுவரில் கோடு இறங்கவில்லை என்றால் அந்த மோட்டார் செத்துவிட்டது என்று பொருள். தூசியிலும் மழைநீரிலும் அது அடிக்கடி போகும்.

பயந்துபோய் ஒரேயடியாகக் கீழே இறக்கிவிடவும் கூடாது. 65 செ.மீ. உயர விளக்கு 1 சதவீதம் சாய்ந்தால் கட்ஆஃப் கோடு 65 மீட்டரில் சாலையைத் தொடும். 2.5 சதவீதம் சாய்ந்தால் 26 மீட்டரிலேயே தொட்டுவிடும். அவ்வளவு குறுகிய வெளிச்சத்தில் ஓட்டுபவர் மறுபடி ஹைபீமைத்தான் தேடுவார்.

இந்தச் சோதனையில் முதல் ஆறு மாதம் அபராதம் வேண்டாம். சரியில்லை என்றால் சீட்டு எழுதிக் கொடுத்து, சரிசெய்து வரச் சொன்னால் போதும். லென்ஸ் மஞ்சளடித்திருந்தால் அதையும் சீட்டில் எழுதலாம். நம் ஊர் வெயிலில் சில ஆண்டுகளிலேயே மேற்பூச்சு போய்விடுகிறது. மஞ்சளடித்த லென்ஸ், சாய்வு சரியாக இருந்தாலும், ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடும்.

106-ஆம் விதியை மாற்றுவது மாநில அரசின் கையில் இல்லை என்று அறிவோம். ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு எழுதுங்கள்: கண் உயரத்தை 1.1 மீட்டராகக் குறைக்கவும், சாலையில் ஓடும் வண்டிக்கும் சாய்வைச் சதவீதத்திலேயே நிர்ணயிக்கவும் கேளுங்கள்.

நெடுஞ்சாலைத் துறைக்கும் இதில் பங்கு உண்டு, ஆகவே இந்தப் பகுதியை அவர்களுக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம். நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் நிற்கும் அரளி அழகுக்கு மட்டும் நிற்கவில்லை. அரை மீட்டர் அகலமுள்ள செடிகள், ஒரு செடியின் இலைக்கும் அடுத்த செடியின் இலைக்கும் இடைவெளி 1.3 மீட்டர் வரை இருந்தாலும்கூட, 20 பாகைக்குள் சாய்ந்து வரும் எதிர் வெளிச்சத்தைத் தடுத்துவிடும். தொடர்ந்து நான்கைந்து செடி பட்டுப்போனால் அந்த இடைவெளி வழியே வெளிச்சம் மின்னலாக அடிக்கும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத் தொடர்ந்த கூச்சத்தைவிட இது கொடியது. பட்டுப்போன செடிக்கு மாற்றுச் செடி நடுவதைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பாதுகாப்பு வேலையாகச் சேருங்கள். மேம்பாலங்களில் செடி வைக்க முடியாது. அங்கே காங்கிரீட் தடுப்பின்மேல் கூச்சத் தடுப்புத் தகடுகளை வைத்து, மொத்த உயரத்தை 1.6 மீட்டர் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் முகட்டில் சரியாக வைத்த டிம்கூடக் கண்ணில் அடிக்கும் என்பதால் அங்கேதான் அவை முதலில் தேவை.

சர்வீஸ் ரோடு இன்னும் சிக்கலானது. நம் தேசிய நெடுஞ்சாலைகளில் பல இடங்களில் சர்வீஸ் ரோடு இருவழியாக ஓடுகிறது. அதில் எதிரே வரும் வண்டிக்கு, முதன்மைச் சாலையில் போகும் நம் கார் இடப்பக்கம் இருக்கிறது. டிம் ஒளி 15 பாகை மேலேறுவதும் அந்த இடப்பக்கம்தான். 50 மீட்டர் தூரத்தில், 6 மீட்டர் பக்கவாட்டில் இருக்கும் காருக்கு அந்த ஒளியின் மேல்விளிம்பு 1.7 மீட்டரைத் தாண்டும். விதிப்படி, அளவுப்படி, டிம்மில் வரும் வண்டி தாழ்ந்த காரின் ஓட்டுநரைக் குருடாக்குகிறது. இதற்கு ஓட்டுநர்கள் யாரும் பொறுப்பல்லர். இருவழி சர்வீஸ் ரோடு உள்ள இடங்களில் இரண்டுக்கும் நடுவே செடியோ தகடோ கட்டாயம் வேண்டும்.

நடுத்திட்டு இல்லாத இருவழிச் சாலைகளில் வேறு எதையும்விட முதலில் வேண்டியது இடது ஓரத்து வெள்ளைக் கோடு. கண்ணாடி மணிகள் கலந்த தெர்மோபிளாஸ்டிக் கோடாக, மணிகள் தேய்ந்ததும் மறுபடி போடப்பட்டதாக. கண் கூசும் நேரத்தில் ஓட்டுநர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி அது ஒன்றுதான்.

தாழ்ந்த கார் ஓட்டுபவர்களே, இந்த மடல் உங்கள் கைக்கும் வரும் என்பதால் உங்களுக்கும் சில வார்த்தை. விதி மாறுகிற வரை ஓட்டியாக வேண்டுமே.

கண்ணாடியிலிருந்து தொடங்குங்கள். முன்கண்ணாடியின் உள்பக்கம் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கும் பாலிஷும் வெயிலில் ஆவியாகி ஒரு மெல்லிய படலம் போட்டிருக்கும். பகலில் தெரியாது, எதிர் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுவதும் வெளுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். மாதம் ஒரு முறை போதும். வெளிப்பக்கம் போர்வெல் தண்ணீர் காய்ந்த உப்புப் பொட்டுகள் இருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. அதற்கும் போகாவிட்டால் சீரியம் ஆக்சைடு பாலிஷ். வைப்பர் ரப்பர் வெயிலில் விறைத்து வில் வில்லாகக் கோடு போடும், ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுங்கள். டேஷ்போர்டில் வெள்ளை விரிப்பு, பளபளக்கும் சிலை, எரியும் சிறுவிளக்கு எதுவும் வேண்டாம். சாமி படத்தை இரவில் கண்ணாடியில் பிரதிபலிக்காத இடத்துக்கு மாற்றி வையுங்கள்.

இருக்கையை உயர்த்தும் நெம்புகோல் இருந்தால், தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முஷ்டி நுழையும் இடம் விட்டு, உயர்த்திக்கொள்ளுங்கள். நாலைந்து சென்டிமீட்டர் கிடைக்கும். மேலே போட்ட கணக்கில் 1 சதவீத ஏற்றத்துக்கு அது நாலைந்து மீட்டர் முன்பே ஒளியிலிருந்து தப்புவதற்குச் சமம். மீட்டர் விளக்கையும் நடுத்திரையையும் படிக்க முடிகிற அளவுக்குக் குறைத்து வையுங்கள். பின்னால் வரும் வெளிச்சத்துக்கு உள்கண்ணாடியின் கீழே உள்ள சிறு நெம்பைத் தட்டிவிடுங்கள்.

இரவு ஓட்டுவதற்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடி வேண்டாம். அது கூச்சத்தோடு சேர்த்து, நடந்து போகிறவரையும் மங்கச் செய்கிறது. பவர் கண்ணாடி போடுபவர்கள் பிரதிபலிப்பு தடுக்கும் பூச்சோடு வாங்குங்கள். எல்லா வண்டியின் விளக்கும் சமீபத்தில்தான் கூசத் தொடங்கியிருக்கிறது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றால் கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம். கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எதிரே ஹைபீம் வந்தால் முதலில் நீங்கள் டிம் அடியுங்கள். ஒரே ஒரு முறை ஃபிளாஷ் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பார்வையை விளக்கிலிருந்து விலக்கி, 20, 30 மீட்டர் முன்னால் இடது ஓரக் கோட்டில் வையுங்கள். கோட்டைப் பார்ப்பதென்றால் கோட்டின்மேல் ஏறுவதல்ல. கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கில்லாமல் போவதும், லாரி பாதி சாலையில் நிற்பதும் அந்த ஓரத்தில்தான். கூசுகிறது என்று இடப்பக்கம் ஒதுங்குவதில்தான் விபத்து நடக்கிறது. பதிலுக்கு ஹைபீம் போட்டால், நொடிக்கு 44 மீட்டர் நெருங்கும் இரண்டு வண்டிகளிலும் கண் தெரியாத ஓட்டுநர்கள் இருப்பார்கள்.

அந்த வண்டி கடந்ததும் உடனே வேகமெடுக்காதீர்கள். கண் தெளிய இரண்டு மூன்று நொடி பிடிக்கும், வயது கூடினால் இன்னும் அதிகம். 80 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி என்றால் 44 மீட்டர். அந்த விளக்குக்குப் பின்னால் நடந்து வந்தவரும் சைக்கிளில் வந்தவரும் அந்த 44 மீட்டருக்குள்தான் இருப்பார்கள். டிம்மில் மட்டும் ஓட்டும்போது வேகத்துக்கும் ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஐஆர்சி கணக்கில் வண்டி நிற்க 50 கி.மீ. வேகத்தில் 60 மீட்டர் வேண்டும், 80-இல் 120 மீட்டர். சரியாக வைத்த டிம்மின் கட்ஆஃப் கோடு 65 மீட்டரில் முடிகிறது. மழையில் இன்னும் குறையுங்கள். ஈரச் சாலை எதிர் வெளிச்சத்தைக் கண்ணாடிபோல் மேலே திருப்பி அடிக்கும், ஓரக் கோடும் தண்ணீருக்குள் மறைந்துவிடும்.

பஸ், லாரி உரிமையாளர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். உங்கள் விளக்கு ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், சாய்வு பூஜ்யமாகிவிட்டாலே செடான்காரரின் கண்ணுக்கு ஏறக்குறைய நேராக வந்துவிடும். ஸ்பிரிங் பட்டை மாற்றும்போதும் பம்பர் வேலை பார்க்கும்போதும் விளக்கின் சாய்வையும் பார்க்கச் சொல்லி அந்த வேலைச் சீட்டிலேயே எழுதுங்கள். முன்கண்ணாடிக்கு மேலே கட்டிய எல்.இ.டி. பட்டை விளக்குகளைக் கழற்றிவிடுங்கள். அவற்றுக்குக் கட்ஆஃப் கோடே கிடையாது, டிம்மும் கிடையாது.

ஆணையர் அவர்களே, எல்லா மையங்களிலும் ஒரே நாளில் தொடங்க முடியாது என்பது எங்களுக்குப் புரிகிறது. இருவழிச் சாலைகள் அதிகமுள்ள ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள புகைச் சான்று மையங்களில் சுவர்க் கோட்டுச் சோதனையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்குங்கள். சுவரில் எழுத வேண்டிய அளவுகளை இந்த மடலிலேயே கொடுத்திருக்கிறோம். மையப் பணியாளர்களுக்குத் திருகு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று வண்டி வண்டியாகக் காட்டித்தர எங்கள் தொழில்காரர்கள் ஊதியமில்லாமல் வருவார்கள். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விளக்கு வேலை பார்ப்பவர்களும் இரவில் தாழ்ந்த கார் ஓட்டுபவர்களும்